கையெழுத்து ஒருவருடையது, வலி இன்னொருவருடையது: குழந்தைநலப் பயிற்சி மருத்துவர்களுக்கு நெறி கற்பிக்கும் முறை

பெரியவர்களுக்கான வைத்தியத்தில் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடுபவரும் ஊசி குத்திக்கொள்பவரும் ஒரே ஆள். குழந்தைநல வார்டில் அப்படி இல்லை. அதனால் பொதுவான மருத்துவ நெறி வகுப்பு இங்கே பாதி தூரம்தான் வரும். தன்னுரிமை, நன்மை செய்தல், தீங்கு செய்யாமை, நீதி என்ற நான்கையும் பயிற்சி மருத்துவர்கள் தூக்கத்தில்கூடச் சொல்வார்கள். “பையன்கிட்ட கேன்சர்னு மட்டும் சொல்லிடாதீங்க டாக்டர்” என்று ஒரு அப்பா கையைப் பிடித்துக்கொள்ளும்போது வாயடைத்து நிற்பதும் அவர்களேதான். பயிற்சி தேவைப்படுவது வாய்க்கு.

கேஸை யார் கொண்டுவருவது

ஆசிரியர் கொண்டுவரக் கூடாது. ஆசிரியர் தேர்ந்தெடுத்தால் ஒட்டிப் பிறந்த இரட்டையர், உறுப்பு தானம் என்று செய்தித்தாளில் வரும் விஷயமாகவே இருக்கும். பயிற்சி மருத்துவர் சந்திப்பதோ வேறு: நாலு தடவை குத்தியும் ஊசி ஏறாத குழந்தை, அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று கெஞ்சும் 15 வயதுப் பெண், தான் பரிசோதிக்காததைப் பரிசோதித்ததாகக் கேஸ் ஷீட்டில் எழுதச் சொல்லும் சீனியர். “கடந்த இரண்டு வாரத்தில் வீட்டுக்குப் போன பிறகும் மனதை அரித்தது எது?” என்று கேட்டு, அதில் ஒன்றை எடுங்கள்.

குழுவில் 6 முதல் 10 பேர், 50 நிமிடம். இரவு டியூட்டி முடித்தவர்களை உட்கார வைக்காதீர்கள்; கண் சொருகுபவரிடம் நெறி பேசுவதே நெறியில்லை. முதல் 10 நிமிடம் மருத்துவத் தகவல் மட்டும். நெறிச் சிக்கலாகத் தோன்றுவதில் கணிசமான பங்கு, நோயின் போக்கை யாரும் தெளிவாகச் சொல்லாததால் வந்தது. அடுத்த 15 நிமிடத்தில் யார் யாருக்கு என்ன வேண்டும், எதைக் கண்டு பயம் என்று பிரித்துப் பாருங்கள். பிறகு ஒவ்வொருவரும் தன் முடிவை ஒரே வரியில் தாளில் எழுதட்டும். பேசச் சொன்னால் சீனியர் சொன்னதற்கே எல்லோரும் தலையாட்டுவார்கள். மீதி நேரம் முழுக்க அந்த முடிவைப் பெற்றோரிடம் சொல்வதுபோல வாய்விட்டுச் சொல்லிப் பார்க்க வேண்டும். நேரம் போதாவிட்டால் வேறு எதையாவது வெட்டுங்கள், இதை வெட்டாதீர்கள்.

குழந்தையிடம் கேட்பது

பெற்றோர் தருவது ஒப்புதல், அதாவது சட்டப்படியான அனுமதி. குழந்தை தருவது இசைவு, அதாவது தன் வயதுக்கேற்பப் புரிந்துகொண்டு சரி என்பது. குழந்தையின் கருத்துக்கு அதன் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ற மதிப்புத் தர வேண்டும் என்கிறது 1989-இன் ஐ.நா. குழந்தை உரிமைகள் உடன்படிக்கை, 12-ஆவது பிரிவு. இதைப் படித்துவிட்டு வரும் பயிற்சி மருத்துவர் முதலில் செய்யும் தவறு, 9 வயதுக் குழந்தையிடம் “முதுகுல ஊசி போடலாமா?” என்று கேட்பது. மூளைக்காய்ச்சல் சந்தேகம், முதுகிலிருந்து நீர் எடுத்துப் பார்க்க ஊசி போட்டே ஆக வேண்டும். குழந்தை “வேணாம்” என்கிறது. போடுகிறார்கள். இனி இந்த டாக்டர் கேட்கும் எதையும் அந்தக் குழந்தை நம்பாது.

மதிக்கும் எண்ணமில்லாமல் கருத்துக் கேட்காதீர்கள், மறுத்தாலும் செய்யப்போகிறோம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள் என்று அமெரிக்கக் குழந்தைநல மருத்துவ அகாடமி 1995-லேயே வழிகாட்டியது. வகுப்பில் இப்படிச் சொல்லிப் பழக்குங்கள்: “இந்த ஊசி கண்டிப்பா போடணும். மருந்து தடவினாலும் கொஞ்சம் வலிக்கும். எந்தப் பக்கம் திரும்பிப் படுக்கணும், யார் கையைப் பிடிச்சுக்கணும்னு நீ சொல்லு.” இந்த இரண்டில் குழந்தை சொல்வது நடக்கும். நடக்காததைக் கேட்கவே இல்லை.

வளரிளம் பருவத்தினரிடம் சிக்கல் வேறு. ரகசியத்தின் எல்லையை ரகசியம் வெளிவந்த பிறகு சொன்னால் அது துரோகமாகப்படும். அம்மாவும் பிள்ளையும் சேர்ந்திருக்கும்போதே தொடங்க வேண்டும்: “கொஞ்ச நேரம் தனியா பேசுவோம். அது எங்களுக்குள்ளயே இருக்கும். உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது துன்புறுத்துறாங்கன்னாலோ மட்டும் மத்தவங்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கும்.” ஒப்புதல் வயதும் புகார் செய்யும் கடமையும் சட்டத்துக்குச் சட்டம் மாறும். தங்கள் இடத்துச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு பக்கத்தில் எழுதி டியூட்டி அறையில் ஒட்டுங்கள்.

பெற்றோர் மறுக்கும்போது

“குழந்தைக்கு எது சிறந்தது” என்ற கேள்வியை மட்டும் கையில் கொடுத்தால், பயிற்சி மருத்துவர் குடும்பத்தின் நீதிபதியாகிவிடுவார். எந்தப் பெற்றோரும் எப்போதும் சிறந்ததையே செய்வதில்லை. பெற்றோரின் முடிவை மீற அரசின் உதவியை நாடலாமா என்பதற்கு 2004-இல் அமெரிக்கக் குழந்தைநல மருத்துவர் டக்ளஸ் டைக்கமா முன்வைத்த அளவுகோல் வேறு: இந்த மறுப்பால் கடுமையான தீங்கு வருமா, அது உடனடியானதா, நாம் தரும் சிகிச்சை பலன் தரும் என்று நிரூபணமானதா, குடும்பம் ஏற்கக்கூடிய மென்மையான மாற்று வழி இல்லையா. அவர் பட்டியலில் எட்டு நிபந்தனைகள். வார்டில் இந்த நான்கும் பெரும்பாலும் கைகொடுக்கும்.

இதற்குச் சீட்டு வைத்துப் பயிற்சி கொடுங்கள், ஒரு சீட்டில் ஒரு மறுப்பு: பாக்டீரியா மூளைக்காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் மறுப்பு, தடுப்பூசி மறுப்பு, ரத்தப் புற்றுநோயில் பாதியில் கீமோவை நிறுத்துவது, 23 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு வென்டிலேட்டர் வேண்டாம் என்பது. மேசையின் ஒரு முனை “பெற்றோர் விருப்பம்”, மறுமுனை “நீதிமன்றம் போயாவது தடு”. நடுவில் எந்தச் சீட்டு எங்கே என்று அவர்கள் அடுக்கட்டும். அடுக்கி முடித்ததும் ஒரே ஒரு தகவலை மாற்றுங்கள்: கீமோ நிறுத்துவது முதல் சுற்றில் அல்ல, நோய் இரண்டு முறை திரும்பிய பிறகு. சீட்டு நகரும். ஏன் நகர்ந்தது என்பதை அவர்கள் வாயாலேயே சொல்ல வைப்பதுதான் பாடம்.

தவறை ஒப்புக்கொள்வது

5 கிலோ குழந்தை. பாராசிட்டமால் கிலோவுக்கு 7.5 மி.கி. வீதம் 37.5 மி.கி. சிரைவழி மருந்தில் ஒரு மில்லிக்கு 10 மி.கி. என்பதால் 3.75 மில்லி போக வேண்டும். மி.கி. எண்ணை மில்லி என்று படித்து 37.5 மில்லி ஏற்றியாகிவிட்டது, பத்து மடங்கு. இப்போது பயிற்சி மருத்துவரை அம்மாவிடம் பேசச் சொல்லுங்கள். பெரும்பாலும் வரும் வாக்கியம்: “மருந்து கொஞ்சம் அதிகமா போயிடுச்சு.” மருந்து தானாகவே நடந்து போனதுபோல! அங்கேயே நிறுத்தி வினைச்சொல்லைத் திருத்துங்கள்: “பத்து மடங்கு மருந்து குடுத்துட்டோம். தப்பு எங்களோடது, மன்னிச்சிடுங்க. இதனால கல்லீரல் பாதிக்கப்படலாம். அதுக்கான முறிவு மருந்தை ஆரம்பிச்சிருக்கோம், ரத்தத்தில அளவு பாத்துட்டே இருப்போம்.” “கொஞ்சம்” என்ற சொல்லுக்குத் தடை போடுங்கள். பேசும்போது மூத்த மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும். பயிற்சியாளரைத் தனியே அனுப்பினால் அவர் கற்றுக்கொள்வது, மேலே இருப்பவர்கள் நழுவிக்கொள்வார்கள் என்பதைத்தான்.

நடத்தையை மதிப்பிடுவது

எழுத்துத் தேர்வு அறிவை அளக்கும், நடத்தையை அளக்காது. பெற்றோருடன் பேசும்போது 15 நிமிடம் கூடவே நின்று கவனித்து, அன்றே கருத்துச் சொல்லுங்கள். செவிலியர்களிடமும் கேளுங்கள், ஆசிரியர் இல்லாத நேரத்தில் பார்ப்பவர்கள் அவர்கள். ஆனால் யார் சொன்னது என்று தெரியாதபடி பலரின் கருத்தைத் தொகுத்தே தர வேண்டும். கருத்து, செயலைப் பற்றியதாக இருக்கட்டும். “அக்கறை இல்லை” என்றால் சண்டைதான் வரும். “இந்த வாரம் மூன்று நாள் ஹேண்ட்ஓவருக்கு (டியூட்டி மாறும்போது நோயாளிகளை ஒப்படைப்பதற்கு) 20 நிமிடம் தாமதம்” என்றால் காரணம் வரும். சில சமயம் அது தூக்கமின்மையாக இருக்கும்.

இதையெல்லாம் ஒரே ரவுண்ட்ஸில் அழித்துவிடலாம். குழந்தையை “பெட் 7” என்று அழைப்பது, தோல் தடிப்பைப் போட்டோ எடுத்து முகத்தோடு வாட்ஸ்அப் குழுவில் அனுப்புவது. சீனியர் செய்வதையே ஜூனியரும் செய்வார். அதனால் முதல் வகுப்பு ஆசிரியர்களுக்கே நடக்கட்டும். பயிற்சியாளர் கொண்டுவரும் கேஸில் தவறு செய்தவர் அந்த அறையில் இருக்கும் ஆசிரியராகவே இருக்கலாம். அப்போது வேறு யாரிடம் போவது, சொன்னவரின் மதிப்பெண் பாதிக்கப்படாமல் யார் பார்த்துக்கொள்வது என்பதை முதல் நாளே எழுதிக் கையில் கொடுத்துவிடுங்கள்.