பன்றிக் கருவில் புரதத்தைப் பார்ப்பது எப்படி? வேலூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு ஒரு செய்முறை

காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பயோடெக் ப்ராஜெக்ட் எடுப்பவர்கள் புரதம் என்றதும் வெஸ்டர்ன் பிளாட்டைத்தான் (புரதங்களைப் பிரித்துப் பட்டையாகப் பார்க்கும் முறை) நினைக்கிறார்கள். ஒரே ஒரு பட்டை தெளிவாக விழவே ஐம்பது, நூறு என்று கருக்கள் வேண்டியிருக்கும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு இம்யூனோஃப்ளோரசன்ஸ்தான் சரி. அதாவது, புரதத்தில் போய் ஒட்டும் ஆன்டிபாடியை ஒளிரவைத்து மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. பத்துப் பதினைந்து கரு போதும். புரதம் எந்த செல்லில் இருக்கிறது என்பதையும் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

முதலில் பன்றியின் சினைப்பை, முட்டைகள் இருக்கும் உறுப்பு. இறைச்சிக்கூடத்தில் கழிவாகப் போவதுதான் என்றாலும், உங்கள் நிறுவனத்தின் விலங்கு நெறிக்குழுவிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். 0.9% உப்புக் கரைசலை 35 டிகிரிக்குச் சூடாக்கி, தெர்மாஸ் பிளாஸ்க்கில் ஊற்றி, அதில் போட்டு எடுத்து வர வேண்டும். கறி வாங்குகிற பழக்கத்தில் ஐஸ் போட்டுவிடாதீர்கள்! பன்றி முட்டையில் கொழுப்பு அதிகம், குளிர் அதற்கு ஆகவே ஆகாது. 15 டிகிரிக்குக் கீழே போனால் கெட்டுவிடும். அதற்காகப் பிளாஸ்க் இல்லாமல் வண்டிப் பெட்டியில் வைத்தாலும் ஆபத்துதான். மே மாதத்து வேலூர் வெயில் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும்.

லேபுக்கு வந்ததும், சினைப்பையின் மேல் தெரியும், 3 முதல் 6 மில்லிமீட்டர் வரையுள்ள நீர்க்குமிழ்களில் (முட்டை இவற்றுக்குள்தான் இருக்கும்) 18 கேஜ் ஊசியால் திரவத்தை உறிஞ்சுங்கள். மைக்ரோஸ்கோப்பில் முட்டை கருத்து, ஒளி புகாமல் தெரியும். அந்தக் கருமை கொழுப்புதான், பயப்பட வேண்டாம். சுற்றிலும் செல்கள் அடுக்கடுக்காக ஒட்டியிருப்பதை மட்டும் பொறுக்குங்கள். 38.5 டிகிரி, 5% கார்பன் டை ஆக்சைடு, 42 முதல் 44 மணி நேரம், முட்டை முதிர்ந்துவிடும்.

அப்புறம் ஹயலுரோனிடேஸ் என்ற நொதியைப் போட்டு, சுற்றியுள்ள செல்களைக் கழற்ற வேண்டும். விந்து சேர்த்தால் பன்றியில் ஒரே முட்டைக்குள் பல விந்தணுக்கள் நுழைந்துவிடும் தொல்லை உண்டு. அதனால் பழகும்வரை, விந்து இல்லாமலே முட்டை கருவாக வளரும்படி மின்துடிப்பு கொடுத்துத் தூண்டுங்கள். இரண்டாம் நாள் நான்கு செல், ஆறாம் ஏழாம் நாளில் பிளாஸ்டோசிஸ்ட் (வெளிச்செல்களும் உள்செல் கூட்டமும் பிரிந்த, உள்ளே திரவம் நிறைந்த கரு).

எந்த நாளில் கருவை எடுப்பது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள். பன்றிக் கருவின் சொந்த மரபணுக்கள் பெரிய அளவில் விழித்துக்கொள்வது நான்கு செல் கட்டத்தில்தான். எலியில் இரண்டு செல், மாட்டில் எட்டு முதல் பதினாறு செல். அதுவரை அம்மா முட்டையில் சேர்த்து வைத்த சரக்கில்தான் வண்டி ஓடுகிறது. இரண்டு செல், நான்கு செல், பிளாஸ்டோசிஸ்ட் என்று மூன்றையும் எடுத்தால் ஒப்பிட வசதி.

இனி சாயம். கரு அப்படியே நிலைத்து நிற்க, 4% பாராஃபார்மால்டிஹைடில் 20 நிமிடம் வையுங்கள். 0.1% பாலிவினைல் ஆல்கஹால் கலந்த பிபிஎஸ்ஸில் (பாஸ்பேட் உப்புக் கரைசல்) மூன்று முறை கழுவுங்கள். அந்த ஆல்கஹால் இல்லையென்றால் கரு பிளாஸ்டிக்கில் ஒட்டிக்கொள்ளும். ஆன்டிபாடி செல்லுக்குள் போக 1% ட்ரைட்டனில் (சோப்பு மாதிரி) அரை மணி, அது கண்ட இடத்தில் ஒட்டாமலிருக்க 3% பிஎஸ்ஏவில் (மாட்டு ரத்தப் புரதம்) ஒரு மணி. நாம் தேடும் புரதத்தில் ஒட்டும் முதல் ஆன்டிபாடி இரவு முழுக்க 4 டிகிரியில். சின்னத் துளி என்பதால், ஈரத் துணி வைத்த மூடிய டப்பாவில் வையுங்கள். காய்ந்தால் எல்லாம் போச்சு. மறுநாள் கழுவி, முதலாவதில் ஒட்டிப் பச்சையாக ஒளிரும் இரண்டாம் ஆன்டிபாடி ஒரு மணி நேரம், வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி. கடைசியாக நியூக்ளியஸுக்கு ஹோக்ஸ்ட் சாயம், பத்து நிமிடம். பிறகு கருவை ஸ்லைடில் வையுங்கள். கவர் ஸ்லிப்பின் நான்கு மூலையிலும் துளி வாசலின் வைத்து மெதுவாக அமுக்கினால் கரு நசுங்காது.

ஆன்டிபாடி வாங்கும்போது அது பன்றிப் புரதத்தில் வேலை செய்யுமா என்று டேட்டா ஷீட்டில் பாருங்கள். எலிக்குச் செய்தது எல்லாம் பன்றிக்கு ஒத்துவராது. தொடங்குவதற்கு சிடிஎக்ஸ்2, சாக்ஸ்2 என்ற புரதங்கள் நல்ல ஜோடி: பிளாஸ்டோசிஸ்டில் முதலாவது வெளிச்செல்களில், இரண்டாவது உள்செல் கூட்டத்தில். ஆக்ட்4 என்ற இன்னொரு புரதத்தை உள்செல்லுக்கு அடையாளமாக நம்பிவிடாதீர்கள். பன்றி பிளாஸ்டோசிஸ்டில் அது வெளியிலும் தெரியும்.

முதல் ஆன்டிபாடி போடாத இரண்டு மூன்று கருக்களையும் கூடவே ஓட்டுங்கள். அவற்றையும் அதே எக்ஸ்போஷரில் படம் எடுங்கள். அங்கேயும் பச்சை மின்னினால், நீங்கள் பார்த்தது புரதமில்லை.