டிஎன்ஏ வீக்கத்தைப் பார்க்க எந்தப் புழு, எந்தச் சாயம்?
ஈப்புழுவின் குரோமோசோமில் டிஎன்ஏவே பெருகி உப்பும் இடம்தான் டிஎன்ஏ வீக்கம். இதற்கு டிரோசோஃபிலா எனும் பழ ஈ வேண்டாம், அதன் உமிழ்நீர்ச் சுரப்பிக் குரோமோசோமின் வீக்கங்களில் பெருகுவது ஆர்என்ஏதான். ஜீனே பெருகுவதைப் பார்க்க காளான் ஈ, அதாவது சியாரா வகை, தேவை. பிரேசிலில் 1955இல் ப்ரோயரும் பாவனும் அதன் உறவான ரிங்கோசியாராவில்தான் இதை விவரித்தார்கள். புழுவின் பருவம்தான் முக்கியம்: கூட்டுப்புழுவாகும் தறுவாயில், கண்புள்ளி தெரிகிற கடைசிப் பருவப் புழுவை எடுங்கள், எக்டைசோன் ஹார்மோன் ஏறும் அந்தச் சமயத்தில்தான் சில இடங்களில் மட்டும் டிஎன்ஏ கூடுதலாக நகலாகிறது.

உப்புக்கரைசலில் தலையைப் பிடித்து மெல்ல இழுத்தால் சுரப்பியும் கூடவே வரும். கொழுப்பை நீக்கி, அசிட்டோ-ஆர்சின் சாயமிட்டு, கவர்ஸ்லிப் நகராமல் நேராக அழுத்துங்கள். ஆனால் ஆர்சினில் வீக்கம் தெரியுமே தவிர டிஎன்ஏ கூடியதா என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு ஸ்லைடில், டிஎன்ஏவை மட்டும் நிறமேற்றும் ஃபோயில்கன் சாயம்; ஆர்என்ஏ வீக்கம் வெளிறியிருக்கும், டிஎன்ஏ வீக்கம் நன்றாகச் சாயமேறும்.