நெல்லைச் சீமையிலிருந்து பனியாற்றுக்கு: முதன்முறை நடப்பவர்களுக்கு

பனியாற்றின் மேல் முதன்முறை நடக்க விரும்புபவர், ஐஸ்லாந்தின் தென்பகுதியிலுள்ள சோல்ஹெய்மயோக்குல் பனியாற்றைத் தேர்ந்தெடுப்பது நல்லது. தலைநகர் ரெய்க்யவிக்கிலிருந்து சாலைவழியாக ஏறக்குறைய 2 மணி நேரத்தில் சென்றுவிடலாம். அதிக உயரத்தில் இல்லாததால், லடாக் செல்லும் நம்மவர்களை வாட்டும் மூச்சுத்திணறலும் தலைவலியும் இங்கே இரா. நியூசிலாந்தின் ஃபிரான்ஸ் ஜோசப் பனியாறும் புகழ்பெற்றதே; ஆனால் அது உருகிப் பின்வாங்கிவிட்டதால் 2012 முதல் ஹெலிகாப்டரில் ஏறித்தான் பனிமேல் இறங்க முடிகிறது. செலவு கூடுவதோடு, மேகம் கவிந்தால் பயணமே நின்றுபோகவும் கூடும்.

எங்கே சென்றாலும் வழிகாட்டி இல்லாமல் பனிமேல் ஏறக் கூடாது. பதிவு செய்யும்போது நடையின் கடினம், குழுவில் எத்தனை பேர், குழந்தைகளுக்கான வயது வரம்பு ஆகியவற்றைக் கேட்டுக்கொள்ளவும். ஐஸ்லாந்து செல்ல நமக்குத் தேவையான ஷெங்கன் விசாவுக்குக் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு வேண்டும். அந்தக் காப்பீடு பனிமேல் நடப்பதையும் உள்ளடக்குமா என்பதை எழுத்தில் கேட்டுப் பெறவும். முகவரின் வாய்வார்த்தை போதாது.

உடையில் ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். சித்திரை வெயிலில் நம்மைக் காக்கும் பருத்தி, பனியில் பகையாகிவிடும். வியர்வையை உறிஞ்சிக்கொண்டு எளிதில் உலராமல் உடற்சூட்டை இழுத்துவிடும். ஆகவே உள்ளே கம்பளி அல்லது செயற்கை இழை உடை, நடுவே கதகதப்பான மேற்சட்டை, வெளியே மழையும் காற்றும் புகாத அங்கி என மூன்று அடுக்காக அணியவும். கையுறையும் கறுப்புக் கண்ணாடியும் தேவை. வானம் மூடியிருந்தாலும் பனியில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கூசவைக்கும்.

காலணியின் அடியில் மாட்டும் கிராம்பான் எனப்படும் முள்தகடு, பனிக்கோடரி, தலைக்கவசம், இடுப்புவார் ஆகியவற்றை வழிகாட்டி நிறுவனத்தாரே தருவது வழக்கம். கணுக்காலை மூடும் கெட்டியான காலணியை மட்டும் நாம் கொண்டுசெல்ல வேண்டும், அல்லது அங்கே வாடகைக்கு எடுக்க வேண்டும். சொந்தக் காலணி என்றால் புதிதாகவே போட்டுக்கொண்டு போய்விடாமல், சில வாரங்களுக்கு முன்பே அதை அணிந்து பாபநாசத்து மலைச்சாலையிலோ, வீட்டருகே உள்ள ஏதேனும் குன்றின் படிகளிலோ ஏறி இறங்கிப் பழகவும். முழங்கால் சோதிக்கப்படுவது இறங்கும்போதுதான் என்பதால், இறங்கும் பயிற்சியைக் குறைத்துவிட வேண்டாம்.

பனிமேல் நடக்கும் முறை நமக்குப் புதிது. தாமிரபரணியின் பாசி படிந்த பாறைகளில் நடப்பவர் விரலை ஊன்றி, பாதத்தைப் பக்கவாட்டில் பதித்து, மெல்ல நகர்வார். முள்தகட்டுடன் அப்படி நடந்தால் சில முட்கள் மட்டுமே பனியில் பிடிக்கும், கால் வழுக்கும். உள்ளங்கால் முழுவதும் ஒரே நேரத்தில் பதியும்படி ஓங்கி மிதிக்க வேண்டும். கால்களைச் சற்று அகட்டி வைக்காவிட்டால், ஒரு காலின் முள் மறுகாலின் காற்சட்டையில் மாட்டிக் கீழே தள்ளிவிடும். காலை இழுத்து நடக்கும் பழக்கம் உள்ளவர்கள் ஒவ்வோர் அடியையும் தூக்கி வைக்க வேண்டும்.

பனியில் ஆழமான பிளவுகளும், உருகிய நீர் குடைந்திறங்கும் குழிகளும் உண்டு. படம் எடுப்பதற்காக வரிசையை விட்டு விலகுவது பெரும் தவறு. நம்மவர்கள் இதில்தான் சற்று அவசரப்படுகிறோம். கட்லா எரிமலைப் பகுதியின் சாம்பல் கலந்திருப்பதால் சில இடங்கள் கரிய மண்மேடு போலத் தோன்றும். சாம்பல் தடிமனாகப் படிந்த இடத்தில் வெயிலின் சூடு எட்டாமல் பனி மெதுவாக உருகுவதே அந்த மேடுகளுக்குக் காரணம். அடியில் இருப்பது வழுக்கும் பனிதான் என்பதால், வழிகாட்டி சொல்லாமல் அவற்றின்மேல் காலை வைக்க வேண்டாம்.

பையில் தண்ணீரும் கோவில்பட்டிக் கடலைமிட்டாயும் இருந்தால் போதும். பனிமேல் கழிப்பறை கிடையாது. புறப்படுவதற்கு முன்பே வேலையை முடித்துக்கொள்ளவும். காற்று மிகுந்தால் அன்றைய நடையை நிறுத்திவிடுவார்கள் என்பதால், பயணத் திட்டத்தில் ஒரு நாளை உபரியாக விட்டு, கட்டணம் திரும்பக் கிடைக்குமா, வேறு நாளுக்கு மாற்றித் தருவார்களா என்பதைப் பதிவின்போதே உறுதிசெய்துகொள்ளவும்.