பழைய கணினியைத் தானம் கொடுக்கும் முன் உள்ளே இருப்பதை உண்மையாகவே அழிப்பது எப்படி

அப்பா பத்து வருடம் பயன்படுத்திய மேசைக் கணினியைப் பக்கத்து ஊர்ப் பள்ளிக்குக் கொடுக்கலாம் என்று போன வருடம் முடிவு செய்தோம். நானே உட்கார்ந்து எல்லா ஃபோல்டரையும் அழித்தேன், ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தேன். கொடுக்கும் முன் ஒரு சோதனைக்காக அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் ரெக்குவா என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொன்றாக வந்து நின்றன: அப்பாவின் பென்ஷன் தாள்கள், அம்மாவின் ஸ்கேன் ரிப்போர்ட், வீட்டில் நான்கு பேருடைய ஆதார், அப்புறம் அக்காவுக்கு வரன் பார்த்த காலத்தில் தரகருக்கு அனுப்பிய ஜாதகம், போட்டோ, சம்பளம் வரை எழுதிய பயோடேட்டா. பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "எல்லாத்தையும் அழிச்சாச்சுன்னு சொன்னியேடா" என்றார். அழித்துத்தான் இருந்தேன். ஆனால் டெலீட் செய்வது வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைக் கழற்றுவது மாதிரிதான், உள்ளே குடியிருப்பவர்கள் அப்படியே இருப்பார்கள். அந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்பை மட்டும் கணினி எடுத்துவிடுகிறது. அதே இடத்தில் வேறு எதையாவது எழுதும் வரை பழைய தகவல் அங்கேயேதான் இருக்கும். குயிக் ஃபார்மேட்டும் இதே கதைதான்.

இது புதிய சங்கதி இல்லை. அமெரிக்காவில் எம்ஐடி மாணவர்களாக இருந்த சிம்சன் கார்ஃபிங்கெல், அபி ஷெலட் இருவரும் பழைய ஹார்ட் டிஸ்க்குகள் 158 வாங்கிச் சோதித்து 2003-இல் முடிவை வெளியிட்டார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12 மட்டுமே. மற்றவற்றில் மருத்துவக் குறிப்பு, கடிதங்கள், ஆயிரக்கணக்கான கிரெடிட் கார்டு எண்கள் எல்லாம் கிடைத்தன.

வின்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால், வின்டோஸ் 11 ஏறாத கணினிகள் நிறைய வீடுகளில் பரண் ஏறக் காத்திருக்கின்றன. அவற்றைப் படிக்கிற பிள்ளைகளுக்குக் கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள். பயந்துபோய் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சுத்தியலால் உடைத்துவிட்டு வெறும் பெட்டியை மட்டும் கொடுப்பவர்களும் உண்டு. வாங்குகிறவர் டிஸ்க்குக்குக் காசு தேட வேண்டும், பாதிப் பேர் அதோடு விட்டுவிடுவார்கள். முறையாகத் துடைத்தால் டிஸ்க்கோடு சேர்த்தே தாராளமாகக் கொடுக்கலாம்.

முதல் வேலை, வேண்டியதை எடுத்து வைப்பது. டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ், டவுன்லோட்ஸ், டி டிரைவ் இவையெல்லாம் எல்லோருக்கும் ஞாபகம் வரும். அவுட்லுக் வைத்திருந்தால் அதன் மின்னஞ்சல் கோப்பு, டேலி வைத்திருந்தால் டேட்டா ஃபோல்டர், பிரவுசரில் சேமித்த புக்மார்க்குகள், இவைதான் விட்டுப்போகும். இன்னொன்றும் முக்கியம்: பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டிய தமிழ்க் கோப்புகள் இருந்தால், அந்த எழுத்துருவையும் கூடவே எடுத்து வையுங்கள். இல்லையென்றால் தாத்தா எழுதிய குடும்ப வரலாறு புதுக் கணினியில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத்தான் தெரியும். எடுத்ததை இன்னொரு கணினியில் போட்டு, நாலைந்து கோப்பைத் திறந்து பார்த்த பிறகு அடுத்த வேலைக்குப் போங்கள். இதற்கு மேல் திரும்பி வர வழி கிடையாது.

அடுத்து கணக்குகள். கூகுள், மைக்ரோசாஃப்ட், வாட்ஸ்அப், டெலிகிராம் எல்லாவற்றிலிருந்தும் அந்தக் கணினியில் வெளியேறுங்கள். அதோடு உங்கள் போனில் கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தைத் திறந்து, சாதனங்கள் பட்டியலிலிருந்தும் அதை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்பில் லிங்க்ட் டிவைசஸ் பகுதியையும் பாருங்கள். காசு கொடுத்து வாங்கிய மென்பொருள் இருந்தால் அதன் உரிமத்தை இந்தக் கணினியிலிருந்து விடுவித்துவிடுங்கள், புதியதில் போடும்போது தகராறு வராது. "ஆதார் பிடிஎஃப்-க்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே, யார் திறக்கப் போகிறார்கள்" என்று ஒரு நண்பர் கேட்டார். பெயரின் முதல் நான்கு ஆங்கில எழுத்தும் பிறந்த வருடமும்தான் அந்தப் பாஸ்வேர்டு, இரண்டும் அதே டிஸ்க்கில் பத்து இடத்தில் கிடக்கும்.

இப்போது துடைக்கும் வேலை. அதற்கு முன் உள்ளே இருப்பது சுழலும் ஹார்ட் டிஸ்க்கா, எஸ்எஸ்டி-யா (சுழலும் பாகம் எதுவும் இல்லாமல் சிப்களில் சேமிப்பது) என்று தெரிய வேண்டும், ஏனென்றால் இரண்டுக்கும் வழி வேறு. வின்டோஸ் 10, 11-இல் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் டிஸ்க் என்பதைப் பார்த்தால் அங்கேயே எழுதியிருக்கும்.

கணினி நன்றாக ஓடுகிறது, கட்டளை தட்டுவதெல்லாம் பழக்கமில்லை என்றால், வின்டோஸிலேயே இருக்கும் ரீசெட் வசதி போதும். செட்டிங்ஸில் ரெக்கவரி, அதில் ரீசெட் திஸ் பிசி, பிறகு ரிமூவ் எவ்ரிதிங். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், அப்படியே நெக்ஸ்ட் அழுத்திக்கொண்டே போய்விடுகிறார்கள். நடுவில் சேஞ்ச் செட்டிங்ஸ் என்று சின்னதாக ஒரு இணைப்பு வரும். அதைத் திறந்து கிளீன் டேட்டா என்பதை ஆன் செய்யுங்கள், எல்லா டிரைவிலிருந்தும் அழிக்கவா என்று கேட்டால் அதையும் ஆன் செய்யுங்கள். முதலாவதை விட்டால் கோப்புகளை மீட்டுவிடலாம், இரண்டாவதை விட்டால் டி டிரைவில் இருக்கும் கல்யாண ஆல்பம் தொடாமலே இருக்கும். ஆன் செய்தால் சில மணி நேரம் ஆகும், சார்ஜரைப் போட்டு வைத்துவிட்டுப் போய்விடுங்கள். இது வீட்டு உபயோகத்துக்கான வசதிதான், அரசு, தொழில்துறைத் தரத்துக்கு ஈடாகாது என்று மைக்ரோசாஃப்டே சொல்லியிருக்கிறது. ஆடிட்டர் அலுவலகம், கிளினிக் மாதிரி மற்றவர்கள் விவரம் இருந்த கணினி என்றால் இதோடு நிறுத்தாதீர்கள்.

சுழலும் ஹார்ட் டிஸ்க்குக்கு நான் நம்புவது முழு டிஸ்க்கிலும் பூஜ்யம் எழுதுவதைத்தான். வின்டோஸ் நிறுவும் பென் டிரைவ் ஒன்றைத் தயார் செய்து, அதிலிருந்து கணினியைக் கிளப்பி, முதல் திரை வந்ததும் ஷிஃப்ட்டும் எஃப்10-உம் சேர்த்து அழுத்தினால் கறுப்புத் திரை வரும். அதில் டிஸ்க்பார்ட் என்று கொடுத்து, லிஸ்ட் டிஸ்க் கொடுத்தால் எல்லா டிஸ்க்கும் அளவோடு வரும் (கட்டளைகளை நிஜத்தில் ஆங்கிலத்தில்தான் தட்ட வேண்டும்). எது உங்கள் டிஸ்க் என்று அளவை வைத்து உறுதி செய்துகொண்டு, அதன் எண்ணோடு செலக்ட் டிஸ்க் கொடுத்து, பிறகு கிளீன் ஆல். வெறும் கிளீன் என்று கொடுத்தால் டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்ற பட்டியல் மட்டும்தான் போகும், தகவல் இருக்கும். ஆல் சேர்த்தால்தான் டிஸ்க்கின் ஒவ்வொரு சிறு துண்டிலும் (செக்டார்) பூஜ்யம் எழுதும். முடியும் வரை திரையில் எந்த அசைவும் இருக்காது, கணினி உறைந்துவிட்டது என்று நினைத்து அணைத்துவிடாதீர்கள். 500 ஜிபி டிஸ்க்குக்கு எனக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஆனது. இதைத் தொடங்கும் முன் பேக்கப் எடுத்த வெளி ஹார்ட் டிஸ்க்கைக் கண்டிப்பாகக் கழற்றி வேறு அறையில் வையுங்கள். எண் ஒன்று மாறினால் பத்து வருடப் போட்டோ போய்விடும், அந்த வலியை யாருக்கும் நான் விரும்ப மாட்டேன்.

ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று இன்னமும் சொல்கிறார்கள். அந்த 35 என்ற எண் கணினிப் பாதுகாப்பு ஆய்வாளர் பீட்டர் கட்மன் 1996-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது, அன்றைய டிஸ்க்குகளின் பல வகைகளை மனதில் வைத்து எழுதியது. இன்றைய டிஸ்க்குக்கு அது தேவையில்லை என்று அவரே பின்னால் விளக்கிவிட்டார். ஒரு முறை முழுவதுமாக எழுதினால் போதும்.

எஸ்எஸ்டி-க்கு இந்த வழி சரிப்படாது. அதன் சிப்கள் சீக்கிரம் தேய்ந்துவிடக் கூடாது என்று, நீங்கள் ஓரிடத்தில் எழுதச் சொன்னால் அது வேறிடத்தில் எழுதிக்கொள்ளும். நம் கண்ணுக்கே காட்டாத உபரி இடமும் உள்ளே உண்டு. அதனால் மேலே மேலே எழுதினாலும் பழைய துண்டுகள் சில தங்கிவிடலாம். எஸ்எஸ்டி-யே தன்னை அழித்துக்கொள்ள செக்யூர் இரேஸ் என்ற கட்டளை இருக்கிறது, அதைக் கொடுப்பதுதான் சரி. டெல், ஹெச்பி நிறுவனங்களின் அலுவலக வகை லேப்டாப்கள் பலவற்றில் பயாஸிலேயே (வின்டோஸ் கிளம்பும் முன் வரும் அமைப்புத் திரை) இதற்கு வசதி உண்டு. இல்லையென்றால் எஸ்எஸ்டி தயாரித்தவரின் மென்பொருளைப் பாருங்கள், சாம்சங் என்றால் மெஜிஷியன், குரூஷியல் என்றால் ஸ்டோரேஜ் எக்ஸிகியூட்டிவ். பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். இரண்டுக்கும் வழியில்லையா, வின்டோஸின் பிட்லாக்கர் அல்லது இலவச வெராகிரிப்ட் கொண்டு டிரைவ் முழுவதையும் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்துவிட்டு, அதன் பிறகு டிரைவை ஃபார்மேட் செய்து வின்டோஸைப் புதிதாக நிறுவுங்கள். சாவி போய்விட்டால் உள்ளே மிச்சம் இருப்பது யாருக்கும் புரியாத எழுத்துதான்.

மேக் வைத்திருப்பவர்களுக்கு வேலை குறைவு. ஆப்பிள் சிப் அல்லது டி2 சிப் உள்ளதில் மேக்ஓஎஸ் மான்டரே முதல் இரேஸ் ஆல் கன்டென்ட் அண்ட் செட்டிங்ஸ் என்று ஒரே இடத்தில் முடிந்துவிடும். தொலைந்த சாதனத்தைத் தேட உதவும் ஃபைண்ட் மை அணைந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் வாங்கியவர் உங்கள் பாஸ்வேர்டு இல்லாமல் உள்ளே நுழையவே முடியாது.

சரி, கணினி ஆனே ஆகவில்லை என்றால்? மதர்போர்டு போயிருக்கலாம், ஆனால் டிஸ்க் பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும். அதைக் கழற்றி ஒரு யுஎஸ்பி கேஸில் போட்டு வேறு கணினியில் செருகி மேலே சொன்னபடி துடைக்கலாம். டிஸ்க்கும் செத்துவிட்டது என்றால் அப்போது மட்டும் துளை போட்டோ உடைத்தோ, பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள். "நாங்களே ஃபார்மேட் பண்ணிக்கிறோம் சார், அப்படியே குடுங்க" என்று வாங்க வருபவர் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். அவர் நல்லவராகவே இருக்கலாம், ஆனால் அந்த டிஸ்க் அடுத்து யார் கைக்குப் போகும் என்று அவருக்கும் தெரியாது. உள்ளே இருப்பதும் உங்களுடையது மட்டும் இல்லை, அக்காவின் போட்டோவும் அம்மாவின் ரிப்போர்ட்டும் அவர்களைக் கேட்காமல் ஊர் சுற்றக் கூடாது.

துடைத்த பிறகு ஒரு தடவை சோதியுங்கள். வின்டோஸையோ, பழைய கணினிக்கு லேசாக இருக்கும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தையோ நிறுவி, ரெக்குவாவோ அதே மாதிரியான ஃபோட்டோரெக்கோ ஓட்டிப் பாருங்கள், உங்கள் கோப்பு எதுவும் வரக் கூடாது. வின்டோஸ் 10 முன்பே முறையாக ஆக்டிவேட் ஆன கணினி என்றால், திரும்ப நிறுவி இணையத்தில் இணைத்ததும் வழக்கமாக அதுவே ஆக்டிவேட் ஆகிவிடும். ஆனால் பள்ளிப் பிள்ளைக்குக் கொடுப்பதென்றால் நான் மின்ட்தான் போடுவேன், பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும், தமிழில் தட்டவும் வசதி செய்து கொடுத்துவிடலாம். பயாஸ் பாஸ்வேர்டு போட்டிருந்தால் எடுத்துவிடுங்கள்.

கடைசியாக, வயரைப் பிடுங்கும் முன் எஸ்டி கார்டு செருகும் இடத்தையும், முன்பக்கம் டிவிடி டிரேயையும் திறந்து பாருங்கள். எங்கள் கணினியில் பட்டனை அழுத்தியதும் டிரே வெளியே வந்தது, அதில் அக்காவின் நிச்சயதார்த்த வீடியோ டிஸ்க், ஸ்டுடியோக்காரர் மார்க்கரில் எழுதிய இரண்டு பேர் பெயரோடும் தேதியோடும் இருந்தது.