காரைக்குடியில் ஒரு மைய மெயில் சர்வர்: ஸ்பேமை வடிகட்டும் முறை

ஆத்தங்குடி டைல்ஸ் விற்பனை நிலையம், விடுதியாக மாற்றப்பட்ட பழைய வீடு, ஊர்க் கோயில் அறக்கட்டளை ஆகிய மூன்றின் மின்னஞ்சலும் காரைக்குடியில் உள்ள ஒரே சர்வருக்கு வந்து, அங்கிருந்து அவரவர் பெட்டிக்குப் பிரிகிறது என்று வைத்துக்கொள்வோம். மையத்தில் வடிகட்டினால் ஒவ்வொரு கணினியிலும் தனித்தனியாகப் போராட வேண்டியதில்லை. ஆனால் அங்கே தவறாக எழுதிய ஒரே விதி மூவரின் கடிதங்களையும் ஒருசேர விழுங்கிவிடும். ஆகவே எந்த மடலையும் அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் தெரியாமல் அழிக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

செட்டிநாட்டு வீட்டில் அறிமுகமில்லாதவரை முகப்பிலேயே விசாரித்து அனுப்புவார்கள். வளவு (உள்முற்றம்) வரை வரவிட்டுப் பிறகு வெளியேற்ற மாட்டார்கள். சர்வரும் அப்படியே, அனுப்பும் சர்வர் மடலை ஒப்படைக்கும் எஸ்எம்டிபி உரையாடல் நடந்துகொண்டிருக்கும்போதே 550 (ஏற்க மாட்டேன்) என்ற பதிலைச் சொல்லி மறுத்துவிட வேண்டும். அப்போது, தவறுதலாக மறுக்கப்பட்ட உண்மையான வாடிக்கையாளருக்கு அவருடைய சர்வரே தகவல் தெரிவித்துவிடும். மடலை ஏற்றுக்கொண்ட பிறகு திருப்பி அனுப்பினாலோ, ஸ்பேமில் அனுப்புநர் முகவரி பெரும்பாலும் போலி என்பதால், அது சம்பந்தமே இல்லாத ஒருவரிடம் போய்ச் சேரும். நம் சர்வரே கறுப்புப் பட்டியலில் ஏறவும் கூடும்.

செலவே இல்லாத முதல் வடிகட்டி, பெறுநர் சோதனை. இல்லாத முகவரிகளுக்கு வரும் மடல்களை, மடல்களை வாங்கும் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸ் உடனே மறுக்குமாறு அமைத்து, எந்த முகவரிக்கு வந்தாலும் ஏற்கும் பொதுப்பெட்டி இருந்தால் அதை மூடிவிடுங்கள். மாற்று எம்எக்ஸ் சர்வர் (முதன்மை சர்வர் கிடைக்காதபோது மடலை வாங்குவது) ஒன்று வைத்திருந்தால் அதற்கும் இதே பெறுநர் பட்டியல் தேவை. காவல் குறைந்த அந்த வழியை ஸ்பேம் அனுப்புவோர் தேடிப்பிடித்து நுழைவார்கள்.

அடுத்தது, ஸ்பேம் அனுப்பும் கணினிகளின் ஐபி முகவரிகளைத் தொகுத்துத் தரும் ஸ்பாம்ஹவுஸ் போன்ற பட்டியல்கள். ஒரு முகவரி பட்டியலில் உள்ளதா என்று சர்வர் டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் சேவை) வழியாகக் கேட்கும். இவற்றின் இலவசப் பயன்பாடு, வணிகம் சாராத குறைந்த அளவுப் பயன்பாட்டுக்கு மட்டுமே என்பதால் விற்பனை நிலையமும் விடுதியும் கட்டணச் சேவையைத்தான் நாட வேண்டும். கூகுளின் 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாக ஸ்பாம்ஹவுஸின் பொதுச் சேவையைக் கேட்டால், 127.255.255.254 என்ற பிழைக்குறியே பதிலாக வரும். எந்தப் பதில் வந்தாலும் 'பட்டியலில் உள்ளது' என்று பொருள்கொள்ளும் சர்வர் அன்றைய மடல்கள் அனைத்தையும் மறுத்துவிடும். எனவே சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற ஒரு டிஎன்எஸ் ரிசால்வரை (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் மென்பொருள்) நிறுவுவதும், 'பட்டியலில் உள்ளது' என்று உண்மையில் குறிக்கும் 127.0.0.2 முதல் 127.0.0.11 வரையிலான பதில்களை மட்டும் கணக்கில் கொள்வதும் அவசியம். நாடுவாரியாகத் தடை விதிக்கலாமே என்று சிலர் கேட்பதுண்டு. மலேசியா, சிங்கப்பூர், மியான்மர் என்று உறவு விரிந்த ஊரில் அது முதலில் சொந்தக்காரர்களைத்தான் தடுக்கும்.

இவற்றைக் கடந்து வரும் மடலுக்கு ஆர்ஸ்பாம்டி என்ற வடிகட்டி மென்பொருள், ஸ்பேமாக இருக்கும் சாத்தியத்துக்கேற்ப மதிப்பெண் இடுகிறது. மடல் உண்மையாகவே அந்த டொமைனிலிருந்து வந்ததா என்று பார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம் (மின்கையொப்பம்), டிமார்க் சோதனைகளின் முடிவுகளும் அதில் சேரும். அதன் இயல்பான அமைப்பில் 4 மதிப்பெண்ணுக்கு மடல் தற்காலிகமாக மறுக்கப்படும். முறையான சர்வர் சிறிது நேரம் கழித்து மீண்டும் அனுப்பும். 6 என்றால் மடலின் தலைப்பகுதியில் (ஹெடரில்) ஸ்பேம் என்ற குறி இடப்படும், 15 என்றால் முற்றிலும் மறுக்கப்படும். தொடக்கத்தில் 15-க்கும் குறி மட்டும் இட்டு, பதிவேட்டைத் தினமும் பார்த்து, மறுக்கக்கூடாத மடல் எதுவும் அந்த எல்லையைத் தொடவில்லை என்று உறுதியான பின் மறுப்பை இயக்குவதே என் பரிந்துரை. எல்லா மடல்களையும் ஒருமுறை காக்கவைக்கும் பழைய கிரேலிஸ்டிங் முறை விடுதிக்கு ஒத்துவராது. ஓடிபி காலாவதியான பிறகு வந்தால் யாருக்குப் பயன்?

அதிக கவனம் தேவைப்படுவது, மாதிரி மடல்களின் சொற்களைக் கொண்டு ஸ்பேமை அடையாளம் காணப் பழகும் ஆர்ஸ்பாம்டியின் பேய்ஸ் கற்றலுக்குத்தான். ஸ்பேமில் 200, நல்ல மடலில் 200 என்று கற்பிக்கும் வரை அது மதிப்பெண் எதுவும் தராது. பலர் ஸ்பேமை மட்டும் ஊட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். நம்மிடம் வரும் நல்ல மடல் எப்படிப்பட்டது? கும்பாபிஷேகப் பத்திரிகை ஒரே படமாக, உள்ளே ஒரு வரிகூட இல்லாமல், நூற்றுக்கணக்கானோருக்கு ஒன்றாக வரும். பூக்கல் (ஆத்தங்குடி டைல்ஸ்) மாதிரிகள் பத்துப் படங்களாக இணைக்கப்பட்டு, 'விலை சொல்லவும்' என்ற இரண்டே சொற்களுடன் டைல்ஸ் விசாரணை வரும். இவை தோற்றத்தில் ஸ்பேமையே ஒத்திருப்பதால், இவற்றைத் திரட்டி நல்ல மடலாகக் கற்பிப்பது முதல் வேலை.

அதன்பின், மடல்பெட்டிகளைக் கையாளும் மென்பொருளான டவ்காட்டில், ஒருவர் மடலை ஸ்பேம் கோப்புறைக்கு நகர்த்தினால் ஸ்பேமாகவும், அங்கிருந்து வெளியே எடுத்தால் நல்லதாகவும் கற்குமாறு அமைக்கலாம். ஆனால் மைய சர்வரில் கற்றல் பொதுவானது: புள்ளி வரி (குடும்பக் கணக்கில் கோயிலுக்குச் செலுத்தும் வரி) நினைவூட்டலைப் பார்க்கப் பிடிக்காத ஒருவர் அதை ஸ்பேமில் தள்ளினால், அறக்கட்டளையின் அடுத்த சுற்றறிக்கைக்கு எல்லாருடைய பெட்டியிலும் மதிப்பெண் ஏறும். (இப்படிச் செய்பவர் நிச்சயம் ஒருவராவது இருப்பார்.) ஆகவே அறக்கட்டளையின் டொமைனை, டிகிம் கையொப்பம் சரியாக இருந்தால் மட்டும் செல்லும் வகையில் அனுமதிப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள், கையொப்பத்தைப் பாராமல் முகவரியை மட்டும் சேர்த்தால் அதே பெயரில் போலி மடல்கள் தாராளமாக நுழையும்.

வெளியே செல்லும் மடலுக்கும் இதே வடிகட்டி வேண்டும். ஒரு பணியாளரின் கடவுச்சொல் திருடப்பட்டால் இரவோடிரவாக ஆயிரக்கணக்கான மடல்கள் போகும் என்பதால், ஒரு கணக்கு ஒரு மணி நேரத்தில் அனுப்பக்கூடிய அளவுக்கு வரம்பு வையுங்கள். சுற்றறிக்கை அனுப்பும் கணக்கு மட்டும் விதிவிலக்காகலாம். அலுவலக மடலைத் தம் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடச் சொல்லும் முதலாளிகளுக்கு, ஸ்பேம் குறி பெற்றவற்றைத் தவிர்த்து மற்றவற்றை மட்டும் திருப்புங்கள். இல்லையெனில் அந்த ஸ்பேமை அனுப்பியவர் நாமே என்று ஜிமெயில் கணக்கு வைக்கும்.