நனைந்த ஜிப்சம் போர்டு: எதைக் கழற்றுவது, எதைக் காயவிடுவது

ஐப்பசி, கார்த்திகையில் கடலூர், புதுச்சேரிப் பக்கம் வீட்டு வேலை நடந்தால், ஜன்னலுக்குக் கண்ணாடி ஏறுமுன்னே ஜிப்சம் போர்டு (இரு காகிதங்களுக்கு நடுவே ஜிப்சம் இறுகிய பலகை) அடித்த வீடுகள்தான் முதலில் மாட்டும். சாரல் அடித்த மறுநாளே மேல்காகிதம் காய்ந்து வெளுத்துவிடும். பெயின்டரும் பட்டியைக் குழைக்க ஆரம்பித்துவிடுவார். உள்ளே ஜிப்சம் ஈரமாகவே இருக்கும்.

முதலில் மெயினை அணையுங்கள். ஃபால்ஸ் சீலிங் வயிறு தள்ளியிருந்தால் நேர் கீழே நிற்காமல், பக்கவாட்டில் ஏணி போட்டு ஸ்க்ரூடிரைவரால் துளை குத்தித் தண்ணீரை வடியுங்கள். ஆறடிக்கு நாலடி, 12.5 மி.மீ. போர்டு காய்ந்திருந்தாலே ஏறக்குறைய 18 கிலோ. தொங்கிய சீலிங் போர்டு காய்ந்தாலும் நிமிராது, கழற்றிவிடுங்கள்.

சுவர் போர்டை உடனே தள்ளிவிட வேண்டாம். கட்டைவிரல் அழுத்தினால் குழி விழுகிறதா, ஓரக் காகிதம் நகத்துக்கு உரிகிறதா, ஸ்க்ரூ தலை காகிதத்தைக் கிழித்து உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். மூன்றில் ஒன்று இருந்தாலும் அந்தப் பகுதி போச்சு. 2024 ஃபெஞ்சல் புயல் சமயத்தில் ஏறியது போலத் தெருவெள்ளம் உள்ளே வந்திருந்தால் சோதனையே வேண்டாம், நனைந்த பகுதியை வெட்டி எடுத்துவிடுங்கள். தரையில் தண்ணீர் நின்றால் போர்டு விளக்குத் திரி மாதிரி ஈரத்தை மேலே இழுக்கும். அதனால் தடம் தெரியும் இடத்துக்கு ஒரு அடி மேலே கோடு போட்டு வெட்டுங்கள். உள்ளே கிளாஸ் வுல் (கண்ணாடி இழைப் பஞ்சு) இருந்தால் அதையும் உருவிவிடுங்கள், பின்பக்கத்தை அது காயவே விடாது.

மழை பெய்யும்போது ஜன்னலைத் திறந்து வைத்துப் பயனில்லை, வெளிக்காற்றே ஈரம். திறப்புகளைப் பாலித்தீன் ஷீட்டால் மூடி, டீஹியூமிடிஃபையரை (காற்றின் ஈரத்தை உறிஞ்சும் மெஷின்) வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள். பெடஸ்டல் ஃபேன் காற்று சுவரை உரசிப் போகட்டும். வெயில் வந்தால் எல்லாவற்றையும் திறந்துவிடலாம். ஹாலஜன் விளக்கைக் கிட்டே வைக்காதீர்கள்: சூடு 50 டிகிரியைத் தாண்டி நீடித்தால் ஜிப்சத்தோடு பிணைந்த நீரே கழன்று போர்டு பொடிந்துவிடும். இரண்டு நாளுக்கு மேல் ஈரம் நின்றால் காகிதத்தில் பூஞ்சை பிடிக்கும். பிளீச்சிங் பவுடர் கறையை வெளுக்கும், வேரை விட்டுவிடும். அந்த இடத்தை வெட்டித்தான் எடுக்க வேண்டும்.

காய்ந்ததா என்று கையால் தடவிச் சொல்ல முடியாது. ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் பட்டை) மறைக்கும் உயரத்தில் நான்கு அங்குலச் சதுரம் வெட்டுங்கள். ஏறக்குறைய 90 கிராம் இருக்கும். 0.1 கிராம் காட்டும் தராசில் நிறுத்துவிட்டு, ஏ.சி. அறையில் இரண்டு நாள் வைத்து மறுபடி நிறுங்கள். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தால் சுவர் இன்னும் காயவில்லை.

புதுத்துண்டு மாட்டுமுன் போர்டைத் தாங்கும் ஜி.ஐ. சேனலை (துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம்) பாருங்கள். வெள்ளைப் பூத்திருந்தால் துடைத்தால் போதும். கடற்காற்றில் செந்துரு ஏறியதை மாற்றத்தான் வேண்டும். 25 மி.மீ. ஸ்க்ரூ, 9 அங்குலத்துக்கு ஒன்று. தரைக்கும் போர்டுக்கும் 10 மி.மீ. இடைவெளி விடுங்கள், ஸ்கர்ட்டிங் மறைத்துவிடும். குளியலறையில் பச்சை போர்டு என்று ஏமாறாதீர்கள், அது ஈரம் தாங்கும், தண்ணீர் தாங்காது. அங்கே சிமென்ட் போர்டுதான்.

மீதி ஸ்டாக்கைச் சுவரில் சாய்க்காமல் ஒன்றரை அடிக்கு ஒரு ரீப்பர் (மரச்சட்டம்) வைத்துப் படுக்கையாக அடுக்குங்கள். தார்பாயின் பக்கங்களைக் காற்றுக்குத் திறந்துவிடுங்கள். மொட்டை மாடியில் 48 மணி நேரம் தண்ணீர் கட்டிக் கசிகிறதா என்று பார்க்காமல் அடுத்த சீலிங்கைத் தொடாதீர்கள்.