ஏற்காடு போய் வந்தும் டென்ஷன் குறையவில்லையா? வீட்டிலேயே தொடங்க சில பழக்கங்கள்

சேலத்துக்காரர்களுக்குத் தலை சூடேறினால் முதலில் ஞாபகம் வருவது ஏற்காடு. அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவு ஏறினால் சில்லென்று காற்று, ஏரிக்கரையில் ஒரு நடை. நல்லதுதான். ஆனால் ஞாயிறு சாயங்காலம் வண்டி வரிசையில் ஊர்ந்து இறங்கி, திங்கள் காலை ஐந்து ரோட்டு நெரிசலில் நிற்கும்போது பழைய படபடப்பு அப்படியே திரும்பி வந்திருக்கும். மாதம் ஒரு நாள் மலையேறுவதைவிட, தினமும் கொஞ்ச நேரம் ஒதுக்குவது நின்று பலன் தரும்.

படி 1: மூன்று நாள் குறிப்பு

முதல் மூன்று நாள் எதையும் மாற்ற வேண்டாம். தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் போதும். தோள் இறுகும்போதும், யார் மேலாவது எரிந்து விழும்போதும் மூன்றே விஷயம் எழுதுங்கள்: மணி என்ன, என்ன நடந்தது, கடைசியாகச் சாப்பிட்டது எப்போது. "மனசு சரியில்லை" என்று எழுதினால் ஒன்றும் புரியாது. "3.40, ஆர்டர் கேட்டு போன், காலை இட்லிக்குப் பிறகு டீ மட்டும்" என்று எழுதினால் பாதி விடை அதிலேயே இருக்கும். கொலுசுப் பட்டறையில் வேலை நெருக்கும் நாட்களில் மதியச் சாப்பாடு நாலு மணிக்குத் தள்ளிப்போகும். அன்றைக்கு வரும் கோபத்தில் பசிக்கும் பங்கு உண்டு.

படி 2: மூச்சு

அதிகம் சொல்லப்படுவதும் அதிகம் தப்பாகச் செய்யப்படுவதும் இதுதான்.

பாதம் இரண்டும் தரையில் படும்படி நாற்காலியில் உட்காருங்கள். ஒரு கையை வயிற்றில் வையுங்கள். மூக்கு வழியாக 4 எண்ணும்வரை மூச்சை இழுத்து, 6 எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். ஒரு மூச்சுக்கு 10 விநாடி, நிமிடத்துக்கு 6 மூச்சு. ஐந்து நிமிடத்துக்கு 30. இன்னொரு கையின் கட்டைவிரலால் மற்ற நான்கு விரல்களின் கணுக்களைத் தொட்டுக்கொண்டே போனால் ஒரு சுற்றுக்கு 12. இரண்டரைச் சுற்று முடிந்தால் கணக்குச் சரி. செல்போன் தேவையில்லை.

மூச்சை இழுக்கும்போது இதயத்துடிப்பு சற்றே கூடும், விடும்போது குறையும். அதனால்தான் விடும் நேரம் நீளமாக இருக்க வேண்டும்.

தலை கிறுகிறுத்தால், உதடோ விரல்நுனியோ மரத்தால், தேவைக்கு மேல் காற்றை இழுத்துத் தள்ளுகிறீர்கள்; ரத்தத்தில் கரியமில வாயு குறைவதால் வருவது அது. இழுக்கும் அளவைச் சிறிதாக்குங்கள். கை மேலே எழாமல் தோள் எழுந்தால் மேல்மூச்சு என்று அர்த்தம். பெல்ட்டையோ புடவைக் கட்டையோ கொஞ்சம் தளர்த்திப் பாருங்கள். பதற்றத்தில் எண்ணிக்கை தானாக ஓடும், அதனால் முதல் சில நாள் கடிகார முள்ளைப் பார்த்தே எண்ணுங்கள். 4–6 கஷ்டமாக இருந்தால் 3–4 போதும்.

சண்டை நடுவில் முதல்முறையாக முயன்றுவிட்டு "எனக்கு இது ஒத்துவரவில்லை" என்பார்கள். வெள்ளத்தில் இறங்கி நீச்சல் பழக முடியுமா? ஒரு வாரம் அமைதியான நேரத்தில் பழகுங்கள், பிறகு தேவைப்படும்போது கைகொடுக்கும்.

படி 3: தறிச் சத்தம்

சேலத்தில் அம்மாப்பேட்டை, குகை ஆகிய பகுதிகளில் விசைத்தறி ஓட்டுகிறவர்களுக்கு மட்டும். இடைவிடாத இரைச்சல் உடம்பை ஓய விடாது. காதில் பஞ்சு வைப்பதால் பெரிய பலன் இல்லை. மருந்துக்கடையில் கிடைக்கும் ஃபோம் காதடைப்பானை மெல்லிய குச்சி போல உருட்டி, எதிர்க் கையால் காது மடலை மேலே இழுத்துச் செருகி, அது விரியும்வரை 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். உருட்டாமல் அப்படியே அழுத்தினால் நிற்காது.

படி 4: காபி, டீ

குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் கஃபீனில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். கடைசி கிளாஸ் மதியம் இரண்டு மணிக்கு முன்னால் இருக்கட்டும். ஒரேயடியாக நிறுத்தினால் மறுநாளே தலைவலி பிடிக்கும். தினமும் குடிப்பதில் நாலு நாளுக்கு ஒருமுறை ஒரு கிளாஸைக் குறைத்துக்கொண்டே வாருங்கள். சாயங்காலத் தட்டுவடை செட்டை யாரும் பிடுங்கவில்லை, கூடவே வரும் டீயைத்தான் சொல்கிறோம்.

படி 5: நடையும் தூக்கமும்

20 நிமிடம், பேச முடிகிற, ஆனால் பாட முடியாத வேகம். கோடையில் காலை ஏழுக்குள் முடித்துவிடுங்கள்; கன்னங்குறிச்சிப் பக்கம் இருப்பவர்களுக்கு மூக்கனேரி இருக்கிறது. தூங்கும் நேரத்தைவிட எழும் நேரத்தை முதலில் நிலைப்படுத்துங்கள். படுத்துச் சுமார் 20 நிமிடமாகியும் தூக்கம் வராவிட்டால் எழுந்து மங்கல் வெளிச்சத்தில் உட்கார்ந்து, கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் தொடங்கினால் பத்து நாள்கூடத் தாங்காது. வாரத்துக்கு ஒன்று. ஏற்கெனவே செய்கிற வேலையோடு அதை முடிச்சுப் போடுங்கள்: குக்கரை இறக்கியதும் மூச்சு, பிள்ளையை ஸ்கூல் வேனில் ஏற்றியதும் நடை.

இரண்டு வாரமாகத் தூக்கமோ வேலையோ ஓடாமல் மனம் கனத்தே இருந்தால், அரசின் மனநல உதவித் தொலைபேசிச் சேவையான டெலி மனாஸ் எண் 14416. கட்டணம் இல்லை, இரவிலும் தமிழில் பேசலாம். சாக வேண்டும் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், அப்போதே கூப்பிடுங்கள். நெஞ்சு வலி கைக்கோ தாடைக்கோ பரவினால் மூச்சு எண்ணிக்கொண்டு உட்காராமல் 108-ஐ அழையுங்கள்.